பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம் உருளும் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய் இல்லை. ஆனால் இந்தக் கோபத்துக்கு எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாம் சேர்ந்தாலும் போதாது. அறுபத்திரண்டு பெட்டி மருந்தை நேற்று எரித்துவிட்டு வந்திருக்கிறேன். நல்ல மருந்து. குழந்தைகளுக்கான மருந்து.

என் பெயர் கனகம். செகந்திராபாத்தில், திருமுல்கேரியில் வீடு. என் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு ஆற்காட்டுப் பக்கமிருந்து இங்கே வந்தவர். அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் யாரும் திரும்பிப் போகவில்லை. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டில், இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஒரு மருந்து வாசலைத் தாண்டலாமா கூடாதா என்று கடைசியில் கையெழுத்துப் போடுகிறவர்களில் நானும் ஒருத்தி.

இந்த 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. ஜூன் முதல் வாரத்தில் ரோஸ்லின் கூப்பிட்டாள். ரோஸ்லின் யாழ்ப்பாணத்துப் பெண், நர்ஸ். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் செகந்திராபாத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது எங்கள் வீட்டு மாடியறையில் இரண்டு வருஷம் குடியிருந்தாள். சண்டை ஓய்ந்திருந்த சமயத்தில், இனி ஊரிலேயே இருந்துவிடலாம் என்று நம்பித் திரும்பிப் போனவள். இப்போது வவுனியாவில், முள்கம்பிக்குள் அடைத்து வைத்திருக்கும் ஜனங்களுக்கு நடுவில் ஒரு கூடார ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"அக்கா, பிள்ளையளுக்கு வயித்தால போகுது. ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது பேர் வருகினம். ஜீவனி முடிஞ்சு போச்சு. நீங்கள் மருந்துக் கொம்பனியிலதானே அக்கா இருக்கிறியள்?" என்றாள்.

ஜீவனி என்று அவர்கள் சொல்வது உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி. தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் குழந்தை சாகாது. அதைவிடச் சின்ன மருந்து உலகத்தில் இல்லை.

மறுநாளே எங்கள் முதலாளி முன்னால் போய் நின்றேன். கிடங்கில் நவம்பர் முப்பதாம் தேதி காலாவதியாகும் சரக்கு இருந்தது. ஆறு மாதத்துக்குக் கீழே தேதி இருக்கும் மருந்தை மொத்த வியாபாரிகள் வாங்க மாட்டார்கள். ஆனால் மருந்தில் ஒரு குறையும் இல்லை. அவர் தெலுங்குக்காரர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "தீஸ்கோண்டி அம்மா, எடுத்துக்கோங்க" என்றார். உப்புப்பொடி நாற்பது பெட்டி, குழந்தைகளுக்கான ஆன்டிபயாட்டிக் சிரப் இருபத்திரண்டு பெட்டி. எங்கே போகிறது, யார் பெற்றுக்கொள்கிறார்கள் என்று காகிதம் மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்றார். எந்த மதம், எந்த ஜாதி என்று அவர் கேட்கவில்லை.

தனி ஆளாக வெளிநாட்டுக்கு மருந்து அனுப்ப முடியாது. ஓர் அமைப்பு வேண்டும். மாரெட்பள்ளித் தமிழர் மன்றத்தில் நான் உறுப்பினர். அங்கேதான் போனேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

மன்றத் தலைவர் சந்திரசேகரன் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். எங்களைப் போலவே நான்கு தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பம். தன்னோடு சேர்த்து நான்கு பேர் கொண்ட கமிட்டியை அவசரமாகக் கூட்டினார். பெட்டிகளும் மன்றத்து ஹாலுக்கு வந்து சேர்ந்தன. மேடைக்குக் கீழே, சுவரோரமாக, நெஞ்சுயரத்துக்கு அடுக்கி வைத்தோம். அதைப் பார்த்துக்கொண்டே ஆறு வாரம் சண்டை போட்டார்கள்.

முதலில் எலிசபெத் டீச்சர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாசரேத்துக்காரி. "எங்க டயோசிஸ் மூலமா அனுப்பிருவோம் கனகம். அங்க பிஷப் ஆபீஸ்ல இருந்து நேரா முகாமுக்குள்ள போவும். ஜெனீவா வரைக்கும் எங்க ஆளுக பேசுதாங்க. நான் லெட்டர் வாங்கித் தாரேன்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கணேஷ்குமார் எழுந்தான். கோயம்புத்தூர்ப் பையன், மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடர், முப்பத்திரண்டு வயது. கையில் எப்போதும் லேப்டாப். "அதெப்படிங்க்கா விட முடியும்? அங்க இடிஞ்சு கெடக்கறது பூரா நம்ம கோயிலுங்க. இவங்க ஒரு கையில மருந்தைக் குடுப்பாங்க, இன்னொரு கையில ஞானஸ்நானம் பண்ணுவாங்க. லண்டன்ல, டொராண்டோல இருக்கற நம்ம இந்து அமைப்புல இருந்தெல்லாம் எனக்கு மெயில் வந்திருக்குதுங்க. அவங்க மூலமா அனுப்பலாம்" என்றான்.

"ஏன்டே, வயித்தால போற பிள்ளைக்கு யாராவது ஞானஸ்நானம் குடுப்பாங்களா?" என்று டீச்சர் கத்தினார். கத்தியது சரிதான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "உங்க ஆளுக இத்தன வருசமா அங்க ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருக்காங்களா?" என்று தொடங்கி நூறு வருஷக் கணக்கை எடுத்துவிட்டார்.

அப்புறம் நூர் முகமது. காயல்பட்டினத்துக்காரர், அவரும் மாதாப்பூரில்தான் வேலை. அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குப் பேசினார். "தொண்ணூறுல யாழ்ப்பாணத்துல இருந்து முஸ்லிம் ஜனங்களை இயக்கத்துக்காரங்க ரெண்டு மணி நேரம் டைம் குடுத்து வெரட்டுனாங்க. உடுத்துன துணியோட. எங்க உம்மா வழிச் சொந்தம் அதுல இருக்கு. இன்னிக்கும் புத்தளத்துல ஓலைக் கொட்டாய்ல கெடக்குறாங்க. பத்தொம்பது வருசத்துல இந்த மன்றம் ஒரு தடவை அவங்களைப் பத்திப் பேசியிருக்கா? பாதிப் பெட்டி புத்தளத்துக்குப் போகட்டும். இல்லைன்னா நான் சம்மதிக்க மாட்டேன்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். பொய் சொல்கிறவனை எதிர்த்துச் சண்டை போடலாம். டீச்சர் சொன்னதும் உண்மை, கோயில்கள் இடிந்ததும் உண்மை, நூர் முகமதுவின் சொந்தக்காரர்கள் தெருவில் நின்றதும் உண்மை. ஆளுக்கொரு உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு, வவுனியாவில் ஒரு குழந்தை காய்ந்து சாவதை வேடிக்கை பார்த்தார்கள்.

சந்திரசேகரன் சமாதானம் செய்கிறவர். அவர் சமாதானம் செய்தால் ஒரு வேலையும் நடக்காது. "ஜரா பொறுங்கப்பா. இது பெரிய இடத்து விஷயம். டெல்லி ஒண்ணு சொல்லும், கொழும்பு ஒண்ணு சொல்லும், நடுவுல சைனாக்காரன் வேற இருக்கான். நாம கைக்கு அவசரப்படணும், ஏன் அவசரப்படணும்? நிலைமையைப் பார்த்துட்டு அனுப்பலாம்" என்றார். உப்புப்பொடிக்கும் சைனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "உனக்கு உலக அரசியல் தெரியாதும்மா" என்றார்.

தெரியாதுதான். எனக்குத் தெரிந்தது பெட்டியில் அச்சடித்திருந்த தேதி.

ஜூலை மூன்றாவது வாரம் ரோஸ்லினே ஒரு வழி கண்டுபிடித்தாள். முகாமில் வேலை செய்யும் ஒரு வெளிநாட்டு மருத்துவ உதவி அமைப்பு, சென்னைத் துறைமுகத்திலிருந்து தங்கள் கண்டெய்னரில் எங்கள் பெட்டிகளையும் ஏற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது. நிபந்தனை மூன்றே மூன்று. அங்கே போய்ச் சேரும்போது குறைந்தது மூன்று மாதம் ஆயுள் இருக்க வேண்டும். தயாரித்த கம்பெனியின் லேபிள் தெளிவாக இருக்க வேண்டும். பெட்டிமேல் எந்த மதத்தின், எந்தக் கட்சியின், எந்த அமைப்பின் அடையாளமும் இருக்கக் கூடாது. இருந்தால் ராணுவச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திருப்பிவிடுவார்கள். அதோடு கூடப்போகும் மற்ற மருந்தும் மாட்டிக்கொள்ளும்.

கமிட்டியில் இதை எழுத்தில் வைத்தேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்தேன். "பெட்டி மேல ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. புரிஞ்சுதா?" என்று கேட்டேன். நான்கு பேரும் கை தூக்கினார்கள். நானும் நம்பினேன். நாற்பத்தாறு வயசாகியும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஆகஸ்ட் எட்டாம் தேதி, சனிக்கிழமை, லாரி என்று முடிவாயிற்று. அந்த வாரம் எங்கள் தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர்கள் வந்திருந்தார்கள். மூன்று நாள் சோதனை. உள்ளே போகும்போது செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். காலை ஏழு மணிக்கு வைத்தால் பொழுது சாய்ந்துதான் எடுப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தபோது சந்திரசேகரனிடமிருந்து ஆறு தவறிய அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டேன்.

"கனகம், நல்ல சேதி! லாரி இன்னிக்கே கிடைச்சுது. தேங்காய் உடைச்சு அனுப்பிட்டோம். போட்டோவும் எடுத்தாச்சு. நீ இல்லாததுதான் குறை" என்றார்.

உண்மையில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆறு வாரமாகத் திட்டித் தீர்த்த மனிதரை, ச்சே, இவரைப் போய் அப்படி நினைத்தோமே என்று நினைத்தேன். ரோஸ்லினுக்கு உடனே சொன்னேன். "கடவுளே, கடவுளே" என்று இரண்டுமுறை சொன்னாள். பின்னால் ஏதோ குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து அந்த அமைப்பின் ஆள் பேசினார். தொழிற்சாலை மேஜை போனுக்கு.

"மேடம், நீங்க அனுப்பினது மருந்துப் பெட்டியா, எலெக்ஷன் சுவரா?"

எனக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு பெட்டியிலயும் நாலு ஸ்டிக்கர் இருக்கு மேடம். ஓம் இருக்கு, சிலுவை இருக்கு, பிறை இருக்கு. கை கூப்பிக்கிட்டு ஒரு பெரியவர் போட்டோ வேற. பேட்ச் நம்பர் எங்கேன்னு தேடறோம், கிடைக்கல. இதை ஏத்த முடியாது. ஸாரி."

போனை வைத்துவிட்டு லேபில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலம் நேராக மன்றத்துக்குப் போனேன்.

என்ன நடந்தது என்பதை மன்றத்து வாட்ச்மேன் ராமசுவாமி சொன்னார். நான் தொழிற்சாலைக்குள் அடைபட்டிருந்த மூன்று நாளில் ஒவ்வொருவராக, தனித்தனியாக வந்திருக்கிறார்கள். முதலில் வந்தது சந்திரசேகரன். மன்றத்துச் சின்னம் மதச்சின்னம் இல்லையே, போட்டால் என்ன என்று அவருக்கு ஒரு நியாயம். சின்னத்தோடு தன் போட்டோவும். மறுநாள் காலை கணேஷ்குமார் அதைப் பார்த்திருக்கிறான். தலைவர் போட்டோ போகலாம், நம் ஓம் போகக் கூடாதா என்று ஓடிப்போய்க் காவி நிறத்தில், ஓமும் வேலுமாக, வழவழப்பான பிளாஸ்டிக் ஸ்டிக்கர் அச்சடித்துக்கொண்டு வந்தான். சாயங்காலம் டீச்சர் வந்து ஓமைப் பார்த்தார். அவர் பங்குக்குச் சிலுவையும் ஒரு வேத வசனமும் ஒட்டினார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த நூர் முகமது மூன்றையும் பார்த்தார். பிறை போட்ட பச்சை ஸ்டிக்கர், அதன்கீழ் "1990ஐ மறவோம்" என்று எழுத்து. அவர் வந்தபோது பெட்டியில் ஒட்ட இடம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. பேட்ச் நம்பரும் தேதியும் அச்சடித்த வெள்ளை லேபிள்.

"நான் சொன்னேம்மா, மேடம் வேணாம்னு சொல்லியிருக்காங்கன்னு. நாலு பேரும் ஒரே பதில்தான் சொன்னாங்க. அவங்க ஒட்டியிருக்காங்களே, எங்களுது மட்டும் கைக்கு நக்கோ, ஏன் வேணாம்னு" என்றார் ராமசுவாமி.

ஒரு வாரத்துக்குமேல் லாரி துறைமுகத்து வெயிலில் நின்றுவிட்டு, பதினெட்டாம் தேதி பெட்டிகள் எங்கள் தொழிற்சாலைக்கே திரும்பின. நானும் லேபில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் வெந்நீர்த் துணி வைத்து, மண்ணெண்ணெய் தடவி, நகத்தால் சுரண்டிப் பார்த்தோம். ஸ்டிக்கரோடு லேபிளும் கிழிந்து வந்தது. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதைச் சரிபார்த்து, புது லேபிள் ஒட்டி, புதுக் காகிதம் போட்டால்தான் அது மறுபடி மருந்து. அதற்குப் பதினைந்து நாள் ஆகும். கண்டெய்னர் இருபதாம் தேதி கிளம்பியது. அடுத்த கண்டெய்னர் செப்டம்பர் கடைசியில். நவம்பரில் காலாவதி. மூன்று மாதக் கணக்கு அத்தோடு முடிந்தது.

அப்படியானால் இங்கேயே ஏதாவது ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருக்கலாமே என்று என் கணவர் கேட்டார். முடியாது. வெளியே போய், வெயிலில் கிடந்து, திரும்பி வந்த மருந்தை எந்த நோயாளிக்கும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதிக்குக் காவலாகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சென்னை வெயில் அந்த சிரப்பை என்ன செய்தது என்று யாரால் சொல்ல முடியும்?

ரோஸ்லினுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"எப்ப அக்கா வரும்? நான் டொக்டரிட்டச் சொல்லி வச்சிட்டன். இடமும் ஒதுக்கியாச்சு."

"வராது ரோஸி" என்றேன்.

"ஏன் அக்கா? கப்பல் பிரச்சினையோ? கவண்மெந்து விடேல்லையோ?"

நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "ஹவ் ரோஸி, ஆமா. கவர்மெண்ட்தான். டெல்லியும் கொழும்பும் ஏதோ பேசிக்கறாங்களாம். பர்மிஷன் வரல."

"அவங்கள் அப்பிடித்தான் அக்கா. நீங்கள் என்ன செய்யிறது, கவலைப்படாதைங்கோ" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஏறக்குறைய மூன்று மாதம் நான் மன்றத்துப் பக்கம் போகவில்லை. நவம்பர் இரண்டாவது ஞாயிறு, ஆண்டுப் பொதுக்கூட்டம். போக வேண்டிய காரணம் இருந்தது. திரும்பி வந்த மருந்தை அழிப்பதற்கு எங்கள் கம்பெனியில் ஒரு படிவம் உண்டு. மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், எத்தனை பெட்டி, அழிக்கும் காரணம் எல்லாம் எழுதி, கீழே, முதலில் பெற்றுக்கொண்டவர் கையொப்பம் வாங்க வேண்டும். பெற்றுக்கொண்டது மன்றம். மன்றத்தின் சார்பில் நான்கு கமிட்டி உறுப்பினர். நான்கு கட்டம்.

ஹாலில் எண்பது பேர் இருந்தார்கள். சந்திரசேகரன் ஆண்டறிக்கை வாசித்தார். பொங்கல் விழா, கோலப் போட்டி, குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு. அந்தக் குழந்தைகள் பின்வரிசையில் தெலுங்கில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தன. அப்புறம் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "ஈழத்துச் சொந்தங்களுக்காக நமது மன்றம் திரட்டிய மருந்துகளை, இரு நாடுகளின் அரசியல் சூழ்நிலை காரணமாக அனுப்ப இயலாமல் போனது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரோ "ச்சொ ச்சொ" என்றார்கள். அறிக்கைப் புத்தகத்தில் படமும் இருந்தது. லாரி, தேங்காய், நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள்.

எழுந்து கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு நொடி நின்றுவிட்டேன். அவர் வாசித்த அந்த வாக்கியம் என்னுடையது. நான் ரோஸ்லினிடம் சொன்னதைத்தான் அவர் நல்ல தமிழில் எழுதி வாசித்தார். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பும் சேர்ந்துதான் அன்றைக்கு என்னைப் பேச வைத்தது.

"எந்த ரெண்டு நாடு சார்? ஸ்டிக்கர் ஒட்டினது டெல்லியா, கொழும்பா?" என்றேன்.

"கனகம், அதையெல்லாம் தனியாப் பேசிக்கலாம்மா."

"நக்கோ சார், நக்கோ. இங்கேயே பேசலாம்." படிவத்தை மேடைமேல் வைத்தேன். "மருந்தை எரிக்கப்போறோம். நீங்க நாலு பேரும்தான் வாங்கிக்கிட்டவங்க. போடுங்க கையெழுத்து."

எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். பின்வரிசைக் குழந்தைகள்கூட.

சந்திரசேகரன் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். 'அழிக்கும் காரணம்' என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததையும் படித்தார்: பெற்றுக்கொண்டவர்கள் ஒட்டிய ஸ்டிக்கர்களால் பேட்ச் விவரம் அழிந்தது. கண்ணாடியைக் கழற்றினார். "இதுல மன்றத்துப் பேரு கைக்கு வரணும்? நாளைக்குப் பேப்பர்ல வந்தா என்ன ஆகும்?" என்றார்.

கணேஷ்குமாருக்கு அடுத்த மாதம் அமெரிக்க விசா. "இலங்கை விஷயத்துல என் கையெழுத்து எதுலயும் இருக்கக் கூடாதுங்க்கா. கம்பெனிலயே சொல்லியிருக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றான்.

"டயோசிஸ்ல ஒரு வார்த்தை கேக்காம நான் எப்பிடி கனகம் போடுவேன்?" என்றார் டீச்சர். ஸ்டிக்கர் ஒட்டும்போது யாரைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

நூர் முகமது மட்டும் என்னை நேராகப் பார்த்தார். "அக்கா, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இந்த ஊரு மக்கா மஸ்ஜித்ல குண்டு வெடிச்சப்ப எங்க ஆபீஸ்ல எத்தனை பேரு என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க தெரியுமா? ஏர்போர்ட்ல என் பேரை வாசிச்சாலே தனியா நிக்க வைக்கிறாங்க. எரிச்ச மருந்து, இலங்கை, என் கையெழுத்து, மூணும் ஒரே காகிதத்துல வேணாம்க்கா."

அவர் சொன்னதும் உண்மை. அவர் எப்போதும் உண்மைதான் சொன்னார். அதற்காக எனக்கு மனம் இரங்கியது. இரங்கியும் கோபம் ஒரு துளி குறையவில்லை.

"பெட்டி மேல பேரு வேணும்னு அடிச்சுக்கிட்டீங்களே, நாலு பேரும். கடவுளை எல்லாம் வரிசையா நிக்க வச்சு ஒட்டினீங்களே. இப்போ ஒருத்தர் பேரும் வேணாமா? அங்கே எத்தனை பிள்ளைங்க செத்துச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" என்று கத்தினேன். கூட்டத்துக்கு நடுவில் அழுவது எனக்குப் பிடிக்காது. அழுதேன்.

யாரோ முன்வரிசையிலிருந்து, இந்த விஷயத்தை நிகழ்ச்சிக் குறிப்பிலிருந்து நீக்கிவிடலாம் என்று பிரேரணை கொண்டுவந்தார். சந்திரசேகரன் ஓட்டெடுத்தார். கணேஷ்குமார் கை தூக்கினான். டீச்சர் தூக்கினார். நூர் முகமது சற்றுத் தயங்கித் தூக்கினார். ஹாலில் என்னைத் தவிர எல்லாக் கையும் மேலே. ஆறு மாதத்தில் அவர்கள் சண்டையில்லாமல் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

படிவத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் என் மேலதிகாரி படிவத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த நாலு கட்டமும் காலியா இருந்தா ஃபைல் மூட முடியாதே. ஏதாவது போட்டுடுங்க" என்றார்.

மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஆகஸ்டில் சுரண்டி எடுத்ததில் கிழியாமல் வந்தவற்றை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது தெரியவில்லை. முதல் கட்டத்தில் கை கூப்பிய போட்டோவை ஒட்டினேன். இரண்டாவதில் ஓம். மூன்றாவதில் சிலுவை. நான்காவதில் பிறை. கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

"என்ன இது?" என்றார் அவர்.

"பெற்றுக்கொண்டவர் கையொப்பம் சார். அவங்க போட்டதுதான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். படிவத்தை ஃபைலில் வைத்தார்.

நேற்று காலை பெட்டிகள் உலைக்குப் போயின. கணக்குக்கு நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அறுபத்திரண்டு. உப்புப்பொடிப் பெட்டி சீக்கிரம் எரிந்துவிடுகிறது. சிரப் பாட்டில் வெடித்து வெடித்து எரிகிறது. சர்க்கரை கருகும் வாசனை முடியில் ஏறிக்கொண்டது. இரண்டுமுறை குளித்தும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரோஸ்லினைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கவர்மெண்ட் இல்லை, கப்பல் இல்லை, நாங்கள்தான் என்று சொன்னேன். யார் யார் என்ன ஒட்டினார்கள் என்று சொன்னேன். மன்றத்துக்குக் கொண்டுபோனது நான்தான், கை தூக்கியதை நம்பிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனதும் நான்தான், உன்னிடம் பொய் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன்.

நான் நிறுத்தியதும், "எத்தினை பெட்டி, அக்கா?" என்று கேட்டாள்.

"அறுபத்திரெண்டு. ஜீவனி மட்டும் நாப்பது."

"ஒரு பெட்டியில எத்தினை பக்கெற்?"

"ஐந்நூறு."

எத்தனை பிள்ளைகளுக்கு ஆகியிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று தோன்றியது. மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. லைன் கட்டானதா, அவள் வைத்துவிட்டாளா, தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.